ஈகையும் சார்பும்

ஒருவன் பிறர்க்கு ஈதலும், அறியாதானை நம்புதலும், இழப்பு நேரினும் நேர்க என்று துணிதலும் அவனது பிறவிக் குணமோ? அன்றி, அவன் வாழும் சூழலால் விளைவனவோ? இவ்வினா தத்துவ நூலார்க்கு மாத்திரம் உரியதன்று. நாடோறும் பிள்ளைகளின் முன் நிற்கும் சைவாசிரியர்க்கு இதனினும் அணுக்கமான வினா வேறில்லை. பிறவிக் குணமே எனின் அவர் அறநூல் கற்பித்தல் வீண்முயற்சியாம். சூழலால் விளைவன எனின், அச்சூழலிற் பெரும்பகுதி அவரேயாவர்.

முன்னோர் இதனைத் தருக்கத்தாலும் அநுபவத்தாலும் ஆராய்ந்தனர். இக்காலப் பொருளியலாருள் ஒரு சாரார் மெய்யான பணத்தை மக்கள் கையிற் கொடுத்து, அவர் அதனை யாது செய்கின்றனர் என நோக்கி ஆராய்கின்றனர். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த மினசோட்டாப் பல்கலைக்கழக ஆராய்ச்சி இவற்றுட் பெயர்பெற்றது. ஒருவரையொருவர் அறியாத 32 இணையர்க்குத் தலைக்கு 10 டாலர் அளிக்கப்பட்டது. இணையருள் முதல்வன் விரும்பின் தன் பணத்தில் ஒரு பகுதியை மற்றவனுக்கு அனுப்பலாம்; அனுப்பியது மும்மடங்காகி அவனைச் சேரும். அவன் விரும்பின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பலாம், அனுப்பாதொழியினும் கேட்பாரில்லை. தன்னலமே மக்களியல்பு என்பார் கூற்று மெய்யாயின், ஒருவரும் ஒரு காசும் அனுப்பியிரார். ஆயினும் முதல்வர் 32 பேருள் 30 பேர் அனுப்பினர். சராசரியாக அனுப்பியது 5 டாலருக்குச் சற்று மேல். திரும்பியது 5 டாலருக்குச் சற்றுக் கீழ். நம்பியவர் ஆதாயம் பெற்றிலர், ஆயினும் நம்பினர்.

நம்பிக்கையின் ஆற்றலை அறியப் பிலிமத்தலாவையில் வாழ்வார் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. இவ்வூர்க்கு அணித்தாகிய கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டில் கருங்கல்லால் எழுந்தது. அதன் தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னாட்டவர். புத்தர்க்குக் கோயிலெடுக்க, விநாயகப் பெருமான் திருப்பெயர் பூண்ட ஒருவரை நம்பி அம்மாபெரும் பணியை ஒப்புவித்தனர். அக்காலத்ததே ஆகிய இலங்காதிலகத்துப் பாறையிற் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. இதே மலைநாட்டில், 1983ஆம் ஆண்டு ஆடித் திங்களில், அந்நம்பிக்கை தீக்கிரையானதையும் யாம் அறிவோம். மலையும் அதுவே; மக்களும் அம்மரபினரே. நம்பிக்கை குருதியிற் பிறந்ததாயின், ஒருகால் ஓங்கி ஒருகால் மாய்தல் எங்ஙனம் கூடும்?

இனித் துணிவை நோக்குவாம். பின்ஸ்வாங்கர் என்னும் அறிஞர் மராட்டியத்திலும் ஆந்திரத்திலும் உள்ள கிராமத்தாரிடத்து நாணயம் சுண்டும் சோதனை நடத்தி, அதன் முடிபை 1980இல் வெளியிட்டார். குறைந்தாயினும் உறுதியாய்க் கிடைப்பதைக் கொள்வதோ, மிகுதியை விரும்பி இழத்தற்கு அஞ்சாது நிற்பதோ என்பதே அச்சோதனை. தொகை சிறிதாயிருந்தபோது பலரும் பலவாறு தெரிந்தனர். தொகை கூலியாளரது ஒரு மாத வருவாயினும் மேற்பட்டபோதோ ஏறக்குறைய எல்லாரும் ஒருபடித்தாய் மிதமான எச்சரிக்கையே பூண்டனர். செல்வமுடைமை அதனைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றவில்லை. ஆதலின், வறியோர் துணிவிலர், அதனாலேயே வறியராயினர் என்று பழித்துரைப்பாரது கூற்று வலியற்றதாகின்றது. இளையான்குடிமாற நாயனார் மழையிரவில் விதைத்த நெல்லை வாரிவந்து அடியார்க்கு அமுதாக்கியது நாணயம் சுண்டிய துணிவன்று. அவர் சார்ந்தது சிவத்தை; ஆகலின் இழப்பென்பது அவர் கருத்திற் புகவில்லை.

ஈகையிலே இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். 1994இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில், கொடுப்பவர் கொடுத்தாரோ கொடாரோ என்பதைச் சோதனை நடத்துவோரும் அறியாவண்ணம் ஒழுங்கு செய்தனர். அப்பொழுது ஏறக்குறைய மூன்றில் இருவர் ஒன்றும் கொடுத்திலர். மக்கள் கண் இல்லாதவிடத்து ஈகை சுருங்கிற்று. காணுமிடத்தே ஈந்து காணாவிடத்தே கரப்பவன் புகழைச் சார்ந்தவனேயன்றி அறத்தைச் சார்ந்தவனல்லன்.

நம் நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலைக்கு ஏழாண்டுகளின் பின், இலங்கையிற் சிறுகடன் பெற்றோரிடையே இத்தாலிய ஆராய்ச்சியாளர் ஈகைச் சோதனை நடத்தினர். அலையாற் கேடுற்றோர், கேடுறாதோரிற் குறைவாகவே பிறர்க்குக் கொடுத்தனர். பிறர் தமக்குக் கொடுப்பர் என்று எதிர்பார்த்ததும் குறைவே. ஆயினும் கேடுற்றோருள்ளும் ஒரு வேறுபாடு தோன்றிற்று. தொழில் மாத்திரம் இழந்தோரினும், வீடிழந்தோரும் காயமுற்றோரும் மிகுதியாக ஈந்தனர். பெரிதும் இழந்தவர் பெரிதும் கொடுத்ததென்னை? அவர்க்கே உதவி மிகுதியாகக் கிட்டியிருந்தது. பெற்ற உதவியை, உதவினார்க்கன்றி வேறொருவர்க்குத் திருப்பினர் என்று ஆராய்ச்சியாளர் கருதினர். துன்பம் மாத்திரம் மனிதனைக் கனிவிப்பதில்லை. துன்பத்திடை நீண்ட ஒரு கையே அவனைக் கனிவிக்கின்றது.

இங்கே ஒரு தடை எழும். ஈகை சூழலால் விளைவதாயின், ஈந்தவனுக்குப் புண்ணியம் யாது? ஈயாதவனுக்குக் குற்றம் யாது? இதற்கு விடை சைவசித்தாந்தத்தில் உளது. ஆன்மா தனித்து நில்லாது. படிகம் போலத் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும். ஆணவத்தைச் சார்ந்துழி இருளாகும். அருளைச் சார்ந்துழி ஒளியாகும். ஆகவே சூழல் மனிதனை மாற்றும் என்பது சித்தாந்திக்கு வியப்பன்று. ஆயினும் படிகம் சடம். ஆன்மாவோ அறிவுடைப் பொருள். படிகம் தன்னருகே வைத்த பூவைத் தெரிந்துகொள்ள மாட்டாது; ஆன்மா தன் சார்பைத் தெரிந்துகொள்ள வல்லது. புண்ணிய பாவங்கள் அத்தெரிவின்கண் உள்ளன. நல்ல சார்பே இல்லாதானிடத்து அத்தெரிவை எதிர்பார்த்தல் நீதியன்று. ஆதலின் நற்சார்பைத் தருதல் அதனையுடையார்மேல் நின்ற கடன்.

ஆசிரியப் பெருமக்களே! தோட்டத்து லயத்திலிருந்து வரும் ஒரு சிறுவன் உலகத்தை நம்பலாமோ என்பதை உங்களிடத்தே முதன்முதல் அறிகின்றான். வகுப்பில் ஒரு பென்சில் காணாமற்போனவுடன் வறிய பிள்ளையின் பையை முதலிற் சோதித்தால், அவன் நூறு நீதிப்பாடல் மனனஞ் செய்தும் பயனில்லை. நாளைத் தருவேன் என்றதை நாளைத் தருவதே நம்பிக்கை பற்றிய முதற்பாடம். குருபூசைக்குப் பொருள் சேர்க்குங்கால், கொடுத்தவர் பெயரையும் தொகையையும் பலகையில் எழுதாதீர். அது புகழைச் சார்தலைக் கற்பிக்கும். உண்டியலை மாணவரிடமே ஒப்புவித்துக் கணக்கையும் அவரையே எழுதச் செய்யுங்கள். சில காசு குறையினும் குறையட்டும். நம்பப்பட்டவன் நம்பத்தக்கவனாதற்கு அதுவே விலை.

இச்சோதனைகளின் முடிபுகளைக் கொண்டு இவ்வினத்தார் நம்பிக்கையற்றவர், இவ்வகுப்பார் ஈகையற்றவர் என்று முத்திரையிடுதலும் தகாது. ஈயாத கையைக் காணுங்கால், இக்கைக்கு முன்னர் யாவர் ஈந்தனர் என்று வினவுதலே முறை. எல்லா உயிர்க்கும் கேளாமலே தனு கரண புவன போகங்களை ஈந்து நிற்கும் சிவபெருமானே முதற்கொடையாளி. யாம் ஈவனவெல்லாம் அவனிடத்துப் பெற்றதைப் பிறர்பாற் செலுத்துதலேயாம் என்னும் உணர்வு நம் பாடசாலைகளில் நிலைபெற அவன் திருவருள் முன்னிற்க.