பசியோடு வந்ததை விரட்டினேன்

போன சித்திரை மாசக் கிருத்திகை அன்னிக்கு நடந்த விஷயம். இன்னும் மனசை விட்டுப் போகல, அதான் எழுதுறேன்.

அன்னிக்கு விரதம். வீட்டிலிருந்தே வேலை. மத்தியானம் ஒரு மீட்டிங் முடிந்து பால்கனிக்கு வந்தால், கீழே வேப்பமரத்தில் மைனாக்கள் ஒரே கத்தல். மதில் சுவர் மேல் புறா அளவில் ஒரு பறவை. சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்புக் கோடுகள், வளைந்த அலகு, சிவந்த கண். வல்லூறு! மடிப்பாக்கத்தில் இவ்வளவு வீடுகளுக்கு நடுவில் அதைப் பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை. அதன் காலடியில் ஒரு அணில். பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் சோறு வைக்கிற அணில்களில் ஒன்று. உயிர் இருந்தது.

யோசிக்கவே இல்லை. கை தட்டி, கத்தி விரட்டினேன். வல்லூறு பறந்தது. அணில் நழுவிச் செடிக்குள் ஓடியது. விரத நாள்ல ஒரு உயிரைக் காப்பாத்திட்டோம்னு எனக்குள்ள ஒரே பெருமை.

சாயங்காலம் பாட்டி கூப்பிட்டாங்க. "தம்பி, இங்க வந்து பாரேன்." அணில் அந்தச் செடிக்குள்ளேயே செத்துக் கிடந்தது.

ராத்திரி வல்லூறு பற்றித் தேடிப் படித்தேன். ஓணான், பல்லி, அணில், சின்னப் பறவைகள்தான் அதன் ஆகாரம். சோறு வைத்தால் தொடாது. கோடைதான் அது கூடு கட்டும் காலம்; பெட்டை அடைகாக்கும்போது ஆண்தான் இரை கொண்டு வரும். அப்போ நான் தட்டிவிட்டது யாரோட சாப்பாடு? அணிலும் பிழைக்கல. வல்லூறு இன்னொரு உயிரைத் தேடிப் போயிருக்கும். என் பசி நானே தேர்ந்தெடுத்தது, மறுநாள் காலையில் இட்லி நிச்சயம். அதுக்கு அப்படி ஒரு நிச்சயம் கிடையாது.

அப்போ கருணை தப்பா? இல்லை. ஆனா அன்னிக்கு நான் காட்டினது கருணைதானா? அணில் துடிப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமா இருந்தது. என் கஷ்டம் நிற்கணும்னுதான் விரட்டினேன்.

வானத்தில் செம்பருந்து வட்டமிட்டால், கருடன்னு சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கிறோம். அதுவும் மீனும் எலியும் பிடித்துத்தான் வாழுது. உயரத்தில் பறந்தால் தெய்வம், மதில் மேல் உட்கார்ந்து சாப்பிட்டால் கொலைகாரனா? நம்ம முருகனைச் சுமக்கிற மயிலும் பாம்பு, பல்லி, பூச்சி தின்கிற பறவைதானே!

கண்ணுக்குத் தெரியாத கொலை வேற இருக்கு. எங்க அபார்ட்மெண்டில் வைக்கிற எலி மருந்தை நான் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. அந்த எலியைப் பிடித்துத் தின்கிற ஆந்தைக்கும் அது விஷம்தான். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால், அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமா அழிந்தன. 2006-ல்தான் மாட்டு வைத்தியத்துக்கு அதைத் தடை செய்தாங்க. கழுகைக் கொல்லணும்னு யாரும் நினைக்கல. யாரும் யோசிக்கல, அவ்வளவுதான்.

இந்த மாச அசோசியேஷன் மீட்டிங்கில், மருந்துக்குப் பதிலா எலிப்பொறி வைக்கலாம்னு கேட்டிருக்கேன். பார்ப்போம்.

நேத்து மறுபடியும் மைனாக்கள் கத்தின. எழுந்து பால்கனி வரைக்கும் போனேன். கை தட்டல. பார்த்துக்கிட்டு நிற்கவும் முடியல. உள்ளே வந்துட்டேன்.

நீங்களா இருந்தா என்ன செய்திருப்பீங்க?

வேலும் மயிலும் துணை.