பிரம்மாவுக்குக் குட்டு, அப்பாவுக்குக் காதோரம்

ஓம் சரவணபவ.

உறவுகளே, ஒரு சின்னக் கேள்வி. நாலு பேர் முன்னாடி ஒருத்தரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ சொல்லுப்பா, பார்க்கலாம்" என்று கேட்பது சரியா?

நான் ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரிக்கு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். லைனில் இருக்கும் மெஷின்கள் அனுப்பும் டேட்டாவைச் சேர்த்து ரிப்போர்ட் ஆக்குவது என் வேலை. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு கூகுள் மீட்டில் கொஞ்சம் மாணவர்களோடு உட்காருவேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் ஆரம்பித்த ஆன்லைன் பட்டப்படிப்பு இருக்கில்லையா, அதில் படிக்கிற நம்ம ஏரியா பசங்க. பாதிப் பேர் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். பாடம் வீடியோவில் வந்துவிடும். நாங்க கூடுவது பேசிப் பார்க்க மட்டும்தான்.

எல்லாரும் பேசணும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம். 2013-ல் அமெரிக்காவின் சான் ஹோசே பல்கலைக்கழகத் தத்துவத் துறை ஆசிரியர்கள், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் வீடியோ பாடத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்துக் கடிதமே எழுதினார்கள். ஹார்வர்டு மாணவர்கள் விவாதிப்பதை நம்ம மாணவர்கள் ஏன் உட்கார்ந்து கேட்கணும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. அது மனசில் ஒட்டிக்கொண்டது.

அன்று கேட்ட கேள்வி இது: நைட் ஷிஃப்ட்டில் டிஃபெக்ட் அதிகம்னு டேட்டா சொன்னா, ராத்திரி நேரம்தான் காரணமா?

பதில் இல்லை. கேமரா எல்லாம் ஆஃப். கறுப்புக் கட்டத்தில் முதல் எழுத்துகள் மட்டும். ஒரு தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமே இல்லை. "என்ன தம்பி, தூங்கிட்டியா?" என்றேன். வரிசையா சிரிப்பு எமோஜி வந்தது. அவன் வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை மெசேஜ். "அண்ணா, நைட் ஷிஃப்ட்டுக்கு கம்பெனி பஸ்ல போயிட்டிருந்தேன். பக்கத்துல எல்லாரும் தூங்குறாங்க, மைக் ஆன் பண்ண முடியல. எங்க லைன்ல ராத்திரியில கான்ட்ராக்ட்ல புதுசா வந்தவங்கதான் அதிகம். சொல்லிக்கொடுக்க சீனியர்கள் கம்மி. நேரத்தை எப்படிக் குறை சொல்றது?"

ரெண்டு வருஷமா அந்த மாதிரி டேட்டாவைத்தான் பார்க்கிறேன். எனக்கு இது தோணவே இல்லை.

அன்றைக்கே வல்லக்கோட்டை போனேன். ஏழடி உயரத்தில் நிற்கிற நம்ம அப்பன் முன்னாடி நின்னா தலை தானா நிமிரும். அன்னைக்கு நிமிரலை.

பிரம்மாவிடம் முருகன் பிரணவத்துக்குப் பொருள் கேட்டார். தெரியவில்லை என்றதும் தலையில் குட்டிச் சிறையில் அடைத்தார். நம்ம எல்லாருக்கும் தெரிந்த கதை. மாணவர்களைக் கேள்வி கேட்டு மடக்கும்போதெல்லாம் இதைத்தான் மனசுக்குள் நியாயமாச் சொல்லிக்கொள்வேன். ஆனா அதே பிரணவத்தைச் சுவாமிமலையில் அப்பா கேட்டபோது காதோரமாகத்தான் சொன்னார். பிரம்மா, எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் முருகனைக் கண்டுகொள்ளாமல் போனவர். சிவன் கைகட்டிக் கேட்டவர். அந்தத் தம்பி ரெண்டு பேர் மாதிரியும் இல்லை, சும்மா இருந்தான், அவ்வளவுதான். மிதப்பு என்னிடம்தான் இருந்தது.

எல்லார் முன்னாடியும் பேசுவதே தப்பு என்று சொல்ல வரலை. நம்ம ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், பதினெட்டு முறை நடந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் கற்ற மந்திரத்தைக் கோயில் மேல் ஏறி எல்லாருக்கும் சொன்னார் என்பார்கள். அவர் ஊர் கேட்கச் சொன்னது தனக்குத் தெரிந்ததை. நான் ஊர் கேட்கச் சொன்னது இன்னொருத்தனுக்குத் தெரியாது என்பதை. அதுவும் பொய்.

இதை எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தங்கச்சியிடம் சொன்னேன். அவள் வேற மாதிரி சொன்னாள். "நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டதாலதான் அண்ணா நான் முதல் தடவை பேசினேன். இல்லைன்னா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்திருப்பேன்." இதுக்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போ வெள்ளிக்கிழமையே கேள்வியை அனுப்பிவிடுகிறேன். "நாளைக்கு உன்னைக் கூப்பிடலாமா?" என்று தனியாக் கேட்டுக்கொள்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். சரி என்று விட்டுவிடுகிறேன்.

தம்பியிடம் அன்றே மெசேஜில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணா" என்றான். ஆனா குட்டினது எல்லார் முன்னாடி, மன்னிப்பு மட்டும் காதோரமா? ரெண்டு நாள் உறுத்தியது. மறுபடி எல்லார் முன்னாடியும் அவனை இழுப்பதும் சரியில்லை. அவனையே கேட்டேன். "பதிலைச் சொல்லுங்க, நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க. மத்தது வேண்டாம்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை அவன் பெயரைச் சொல்லி, அவன் சொன்னதைச் சொன்னேன். நான் பண்ணினது தப்பு என்பதையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டேன். அவன் வேண்டாம் என்றதுதான், ஆனா அது என் கணக்கு. அன்று அவனுக்கு டே ஷிஃப்ட். மைக் ஆன் ஆனது. பின்னாடி மிக்ஸி ஓடும் சத்தம். "அண்ணா, அதுல இன்னொன்னு விட்டுட்டீங்க" என்று ஆரம்பித்தான். நான் மியூட்டில் போட்டுக்கொண்டு நோட்டை எடுத்தேன்.

முருகா சரணம்.