வெட்டிய கரும்பு காத்திருக்காது

அயன் ராண்ட் 1957இல் வெளியிட்ட ‘அட்லஸ் ஷ்ரக்டு’ ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நாவல். அரசின் ஆணைகளுக்குப் பணிய மறுக்கும் ஆலை அதிபர்களும் கண்டுபிடிப்பாளர்களும் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டுவிட்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் போய் மறைகிறார்கள். நாடு முடங்குகிறது. ரஷ்யாவில் தன் தந்தையின் மருந்துக்கடையை போல்ஷ்விக்குகள் பறித்துக்கொண்டதைச் சிறுவயதில் பார்த்தவர் ராண்ட். அவருடைய கோபத்தில் பொய்யில்லை.

தென்காசி மாவட்டத்துச் சிவகிரியிலும் மலைக்குப் பஞ்சமில்லை; ஊருக்கு மேற்கே தொடர்ச்சி மலையே நிற்கிறது. ஆனால் கரும்பு போட்ட சம்சாரி கோபித்துக்கொண்டு அங்கே போய் உட்கார முடியுமா?

முடியாது. வெட்டிய கரும்பு ஒரு நாள் கிடந்தாலே எடை குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரும்வரை வெட்டவும் வழியில்லை. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஒரு வட்டாரத்துக் கரும்பை ஒரே ஆலைக்கென்று அரசு ஒதுக்கலாம். குறைந்தபட்ச விலையை மத்திய அரசு அறிவிக்கும். ஆலை பதினான்கு நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. நிலுவைத் தொகை கேட்டுத் தமிழகக் கரும்பு விவசாயிகள் எத்தனை முறை மறியல் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த வட்டிக்கு என்ன மதிப்பு என்பது விளங்கிவிடும்.

இந்த ஆணையை ராண்ட் படித்திருந்தால் கொதித்திருப்பார். பாதிக்குப் பாதி நியாயமும் இருந்திருக்கும். ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி ‘லைசென்ஸ்-பர்மிட் ராஜ்’ என்று சாடியதும் இதே கோபத்தில்தான்.

ஆனால் சிவகிரி ஒரு காலத்தில் ஜமீன் ஊர். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகே ஜமீன் நிலத்தை உழுத குடியானவர் நேரடியாக அரசிடம் பட்டா பெறும் நிலை வந்தது. ராண்ட் போற்றும் தனிமனிதனின் சொத்துரிமையை இந்த ஊரில் கொண்டுவந்தது, அவர் வெறுத்த அரசாங்கக் கைதான்.

முதலாளிகளும் கட்டுப்பாடு என்றாலே ஓடுபவர்கள் அல்லர். 2018இல் சர்க்கரை விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 29 ரூபாய்க்குக் கீழே விற்கக் கூடாது என்று மத்திய அரசு வரையறுத்தது. மறு ஆண்டே அது 31 ரூபாய் ஆனது. அந்த ஆணையை எதிர்த்து எந்த அதிபரும் பள்ளத்தாக்கைத் தேடிப் போகவில்லை.

வட்டார ஒதுக்கீட்டை எடுத்துவிடலாம் என்று 2012இல் சர்க்கரைத் துறை பற்றிய ரங்கராஜன் குழு சொன்னது. நல்ல யோசனைதான், பக்கத்தில் இன்னொரு ஆலை இருந்தால். லாரி வாடகை கொடுத்துத் தொலைவில் இருக்கும் ஆலைக்கு அனுப்பி, அங்கேயும் பணத்துக்குக் காத்திருக்கவா என்று சம்சாரி கேட்பார். அந்தக் கேள்விக்கு ராண்டின் ஆயிரம் பக்கங்களில் பதில் கிடையாது.