முறையிடாத நோயாளி



நியூஸிலாந்தின் தென் தீவில், மெரினோ ஆடுகள் கோடை முழுவதும் மேய்ந்து திரியும் உயர்ந்த மலைச்சரிவுகளிலிருந்து, பனி விழுவதற்கு முன்பாக அவற்றைத் திரட்டிப் பள்ளத்தாக்கில் கொண்டு சேர்க்கும் காலத்தில், மேய்ப்பரின் சீழ்க்கை ஒலிக்குக் கட்டுப்பட்டு, பாறையென்றும் முள்கம்பியென்றும் பாராமல் ஓடி உழைப்பவை அந்நாட்டு மந்தை நாய்கள். உரக்கக் குரைத்து மந்தையைப் பின்னாலிருந்து தள்ளிச் செல்லும் ‘ஹண்ட்அவே’ என்பது அவற்றில் ஒரு ஜாதி. வாய் திறவாமல் முன்னே வளைந்து சென்று, உற்று நோக்கும் பார்வையாலேயே ஆடுகளை மடக்கி நிறுத்தும் ‘ஹெடிங்’ நாய் மற்றொன்று.

இவற்றுக்குச் சிகிச்சை செய்யும் கிராமத்துக் கால்நடை வைத்தியரின் பணி மிகவும் சிரமமானது. ஏனெனில், அவரிடம் வரும் நோயாளி முறையிடுவதே இல்லை. முன்னங்கால் மூட்டின் தசைநார் பிய்ந்திருந்தாலும், ஆட்டைக் கண்டதும் நொண்டலை மறந்து பாய்ந்தோடுவது மந்தை நாயின் சுபாவம். ஆகையால், அது வண்டியிலிருந்து குதித்திறங்கும் விதத்தை எட்ட நின்று கவனித்து, பின்னர் இரு தொடைகளையும் ஏககாலத்தில் பற்றி எது மெலிந்திருக்கிறதென்று ஒப்பிட்டு, எந்தப் பாதத்தின் நகம் தரையில் இழுபட்டுத் தேய்ந்திருக்கிறதென்று குனிந்து பார்த்து, அது மறைத்த நோவை அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கண்டுபிடித்த பின்பும் கஷ்டம் தீர்ந்தபாடில்லை. மலைமேல் மந்தை காத்திருக்கும்போது, “இந்த நாய்க்கு வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும்” என்று எஜமானரிடம் சொல்லி, அதற்கு அவரை இணங்க வைக்கும் உறுதியை, தையல் போடும் கைத்திறனுக்கும் மேலாகவே நான் மதிக்கிறேன்.

நோவே தராத வியாதியும் ஒன்றுண்டு. ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகத் தின்ற நாயின் குடலில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒருவகை நாடாப்புழு ஆயிரக்கணக்கில் குடியேறினாலும், நாய் சௌக்கியமாகவே ஓடியாடிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள், புல்வழியே ஆட்டையும், நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தையையும் அடைந்து, ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளாகி, வருஷக்கணக்கில் ஓசையின்றி வளர்கின்றன. நியூஸிலாந்தில் இவ்வியாதியால் அறுவைச் சிகிச்சைக்கு ஆளானோரும் மாண்டோரும் பலர். அந்நாட்டார் 1959-ஆம் ஆண்டில் இதற்கென்றே சட்டம் இயற்றி, பச்சைக் கழிவை நாய்க்குப் போடும் வழக்கத்தை ஒழித்து, நாய்களுக்குத் தவறாமல் புழுமருந்து கொடுத்து வந்து, 2002-ஆம் ஆண்டில் தங்கள் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதாகத் தற்காலிகமாக அறிவித்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பிரயாசையின் பெரும்பகுதி, நோயின் அறிகுறி எதுவும் தென்படாத நாய்களுக்குச் செய்த சிகிச்சையே!

இந்தப் புழு நம் தேசத்திலும் இருக்கிறது. ஆடு அறுக்கும் இடங்களில் கழித்துப்போடும் ஈரலையும் நுரையீரலையும் நாய்களுக்குப் பச்சையாக எறியாதீர்கள். நாய் வளர்ப்போர், அது திடமாகத்தானே இருக்கிறது என்று எண்ணிவிடாமல், கால்நடை மருத்துவரைக் கேட்டு உரிய காலத்தில் புழுமருந்து கொடுத்துவிடுங்கள்; நாயோடு விளையாடிய குழந்தைகளைக் கைகழுவிய பிறகே உண்ண உட்காரச் செய்யுங்கள்.