யவீருவின் வீட்டில் ஒரு சிறு கட்டளை

தியானப் பகுதி: மாற்கு 5:21-43

 

மழைக்காலம் வந்துவிட்டால் நம்முடைய சபைக் குடும்பங்களில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ஜெபக்குறிப்பு வந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்குக்கூட போன் வரும். "பாஸ்டர், பிள்ளைக்கு மேலு அனலாக் காயுது, ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். உடனே ஜெபம் பண்ணுகிறேன். ஜெபம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "காய்ச்சல் தொடங்கி இன்னைக்கு எத்தனாவது நாள்?" இந்தக் கேள்வியை நான் வேதாகமக் கல்லூரியில் படிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் படித்தேன். படிக்க நான் கொடுத்த விலை பெரிது. அதை இந்த மாதம் உங்களிடம் மறைக்காமல் சொல்லக் கர்த்தர் என்னை ஏவுகிறார்.

யவீரு ஜெப ஆலயத்தலைவன். மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லுகிற ஸ்தானத்தில் இருந்தவன். ஆனால் பன்னிரண்டு வயது மகள் மரணத்தறுவாயில் கிடந்தபோது தன் ஸ்தானத்தை நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. ஜனக்கூட்டத்துக்கு நடுவே ஓடிவந்து ஆண்டவருடைய பாதத்தில் விழுந்தான். என்னிடத்தில் இல்லாமற்போனது அந்த ஓட்டந்தான், பிரியமானவர்களே.

2012-ம் வருஷத்தை நம்முடைய ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வருஷம் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு காய்ச்சல் என்று பதிவாயிற்று. 60 பேருக்கு மேல் மரித்தார்கள். எல்லா மாவட்டங்களிலும் நம்முடைய திருநெல்வேலி மாவட்டத்துக்குத்தான் அடி பலமாய் விழுந்தது. 2019-ல் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்ட கடையநல்லூர் அப்போது நம்மோடுதான் இருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் இருந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த நாட்களில் எங்கள் சின்ன மகளுக்கு ஐந்து வயது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. மூன்று நாள் அனலாய்க் கொதித்தாள். தலையில் கைவைத்து ஜெபித்தோம், காய்ச்சல் மருந்தும் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருந்தது! யோவான் நாலாம் அதிகாரத்தில் ராஜாவின் மனுஷனுடைய மகனுக்குக் காய்ச்சல் விட்டதைச் சபையில் வாசித்து, அன்றைய உபவாச ஜெபத்தில் சாட்சி சொன்னேன். எல்லாரும் கைதட்டி அல்லேலூயா சொன்னார்கள்.

சாயங்காலம் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். மூன்று தடவை வாந்தி எடுத்தாள். என் மனைவி சொன்னாள்: "காய்ச்சல் விட்ட பிள்ளை எந்திரிச்சு விளையாடணும்லா? இவ ஏன் இப்படித் துவண்டு கிடக்கா? ஆஸ்பத்திரிக்குப் போவோம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலையிலதான் சாட்சி சொன்னேன். இப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடினா சபையில என்ன நினைப்பாங்க?" இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று. கடைசியில் அவள் சொன்னாள்: "சபை நினைக்கிறது இருக்கட்டும். பிள்ளை காலைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். மார்கழி மாதத்து ஆற்றுத் தண்ணீரைத் தொட்டதுபோல் இருந்தது.

ஆட்டோ பிடித்து ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு இளவயது டாக்டரம்மா நகத்தை அழுத்திப் பார்த்தார்கள், நாடியைப் பிடித்தார்கள். "காய்ச்சல் விட்டு எவ்வளவு நேரமாச்சு ஐயா?" "காலையிலேயே விட்டிருச்சு டாக்டர்." "இந்தக் காய்ச்சல்ல சூடு இறங்குற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம்" என்றார்கள்.

நான் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த அந்த மணி நேரத்தில்தான் என் பிள்ளையின் ஆபத்து தொடங்கியிருக்கிறது. பிற்பாடு அவர்கள் விளக்கினார்கள். டெங்குவில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே, சூடு தணிகிற சமயத்தில், சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போய்விடுகிறது. ரத்தம் கெட்டிப்படும், அழுத்தம் இறங்கும், கை கால் சில்லிடும். அந்தக் கசிவு ஒருநாள், இரண்டு நாள் இருக்கும். அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். இந்தக் கிருமியைக் கொல்லுகிற மருந்து என்று ஒன்று இன்றைக்கும் இல்லை. அளவு பார்த்து நீர் ஏற்றுவதும், மணிக்கு மணி கவனிப்பதுந்தான் வைத்தியம்.

தேவபிள்ளைகளே, அந்த ஐந்து நாளில் ஆவியானவர் எனக்குக் கற்றுக்கொடுத்த காரியங்கள் நான்கு.

1. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவிசுவாசம் அல்ல

எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுப்பதாய் வாக்குப்பண்ணினார். வாக்குக் கிடைத்த பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னானே (2 இராஜாக்கள் 20:7)! பவுலோடு ஊழியத்தில் நடந்த லூக்கா ஒரு வைத்தியன். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டினதோடு நிற்காமல் சத்திரத்துக்கும் கொண்டுபோனான், பணமும் கட்டினான்.

தூரம் போகவேண்டாம். களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் அங்கே பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார்கள். அவர்கள் ஜெப வாழ்க்கையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆரம்ப நாட்களில் நோய் வந்து சில கைக்குழந்தைகளை அவர்கள் பறிகொடுக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட ஜெபவீராங்கனை பிற்காலத்தில் அந்த ஊரிலே ஒரு ஆஸ்பத்திரியையே கட்டினார்கள். பரம சுகசாலை என்று அதற்குப் பேர். முழங்காலில் நின்ற அதே தாயார்தான் செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்கினார்கள்.

மருந்து எடுப்பதில்லை என்று கர்த்தருக்கு முன்பாகத் தீர்மானம் பண்ணின மூத்த விசுவாசிகள் நம்மிடையே உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை அந்தத் தீர்மானத்தைப் பண்ணவில்லையே! உங்கள் விசுவாசத்துக்குப் பிள்ளையின் உயிரைப் பிணையாய் வைக்காதிருங்கள்.

2. பிள்ளையின் பக்கத்தில் இருப்பதும் ஊழியம்

ஆண்டவர் யவீருவின் வீட்டுக்குள் போனபோது சத்தமிட்டு அழுதுகொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தகப்பனையும் தாயையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். சனிக்கிழமை நம்முடைய விசுவாசிகள் பதினைந்து பேர் வார்டுக்குள் வந்து உரத்த சத்தமாய் ஜெபித்தார்கள். அன்பினால் வந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நர்ஸ் சகோதரி, "எல்லாப் பிள்ளைகளும் தூங்கணும், வெளியே போய் ஜெபம் பண்ணுங்க" என்று கண்டித்தார்கள். எனக்கு முதலில் கோபம். அப்புறம் மாற்கு ஐந்தாம் அதிகாரம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் இருக்கிற தகப்பனுக்கும் தாய்க்கும் வேலை நிறைய. ஸ்பூன் ஸ்பூனாய்த் தண்ணீரும் கஞ்சியும் கொடுக்கவேண்டும். எவ்வளவு குடித்தது, எவ்வளவு சிறுநீர் போனது என்று எழுதிவைக்கவேண்டும். நான் பிரசங்கக் குறிப்பு எழுதுகிற நோட்டில்தான் அதை எழுதினேன். அந்த நோட்டில் அதைவிட உபயோகமான பக்கம் வேறே இல்லை என்பேன். இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருக்கக்கூடாது, ஒருவர் தூங்கவேண்டும். வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்கும் தினம் ஒரு தடவை பேசவேண்டும். அவளும் பயந்துபோய்த்தான் இருக்கிறாள்.

இன்னொன்று. பிள்ளையிடம் பொய் சொல்லாதிருங்கள். முதல்நாள் அவள், "அப்பா, ஊசி வலிக்குமா?" என்று கேட்டாள். "வலிக்கவே வலிக்காது" என்றேன். குத்தினதும் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அதற்கப்புறம் என் கையைப் பிடிக்கவே மாட்டேன் என்றாள். மறுநாள் சொன்னேன்: "வலிக்கும்மா. பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். அப்பா எங்கயும் போகமாட்டேன்." ஏழு எண்ணும்போது ஊசி முடிந்தது. மீதி மூன்றையும் எண்ணிவிட்டுத்தான் கையை விட்டாள்.

3. குற்றம் தேடாதிருங்கள்

அந்த நாட்களில் ஒரு சகோதரர் என்னைத் தனியே அழைத்து, "பாஸ்டர், வீட்டில ஏதாவது அறிக்கை பண்ணாத பாவம் இருக்கான்னு பாருங்க" என்றார். ஏற்கெனவே அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்து வெந்துகொண்டிருந்தவன் நான். பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார் (யோவான் 9). ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப்போகிறவர்கள் ஒரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோங்கள், துணி துவைத்துக் கொடுங்கள். ஆராய்ச்சி கொண்டுபோகாதிருங்கள்.

4. சாட்சி சொல்லும்போது பக்கத்துக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்

எங்களுக்கு எதிர்க்கட்டிலில் ஒரு பையன். அவனுக்கும் அதே காய்ச்சல். சூடு விட்டதும் சுகமாகிவிட்டான் என்று வீட்டில் வைத்திருந்து, நினைவு தப்பின பிறகு கொண்டுவந்தார்கள். அவன் தகப்பன் நம் மார்க்கத்தார் அல்ல. "உங்க சாமிகிட்ட என் பிள்ளைக்கும் சொல்லுங்கய்யா" என்றார். என் மகளுக்காக ஜெபித்த அதே வாயினால், அதே கண்ணீரோடு ஜெபித்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலையில் என் மகள் கண் திறந்து, "பசிக்குப்பா" என்றாள். துள்ளிக் குதிக்கவேண்டிய நேரம். ஆனால் எதிர்க்கட்டில் காலியாயிருந்தது. அவர்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாய்த் தாமதமாகவில்லை என்று யார் சொல்லமுடியும்? எனக்குக் கிடைத்தது என் விசுவாசத்தின் கூலி அல்ல, சுத்த கிருபை. தாவீது ஏழு நாள் உபவாசித்தும் பிள்ளை மரித்ததே! அவன் எழுந்து ஸ்நானம்பண்ணி ஆலயத்துக்குத்தானே போனான். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்ற நினைவோடு சாட்சி சொல்லுங்கள்.

அன்று மத்தியானம் டாக்டர்கள் டிரிப்ஸைக் குறைத்தார்கள். கசிந்த நீர் தானே ரத்தத்துக்குத் திரும்பும், இனி அதிகம் ஏற்றினால் நெஞ்சில் கோக்கும் என்றார்கள். நான் ஒரு கிண்ணத்தில் குழையக் காய்ச்சின கஞ்சியோடு கட்டிலில் உட்கார்ந்தேன். யவீருவின் மகளை எழுப்பின ஆண்டவர், அந்த வீட்டாருக்கு ஒரே ஒரு வேலைதான் வைத்தார்: அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். உயிர் கொடுப்பது அவர் வேலை. கஞ்சி ஊட்டுவது நம் வேலை. அதை அவர் நமக்கென்று விட்டுவைத்திருக்கிறார், பிரியமானவர்களே!

இன்றைக்கு அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகிறாள். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

ஆகையால் பெற்றோரே, கேளுங்கள். பிள்ளையின் காய்ச்சலுக்கு நாள் கணக்கு வையுங்கள். சூடு விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், துவண்டு தூங்குதல், சிறுநீர் குறைதல் இவைகளில் ஒன்று கண்டாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதிருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாய் வாங்கிக் கொடுக்காதிருங்கள், அவை ரத்தக்கசிவைக் கூட்டும். ஜெபத்தை வண்டியில் ஏறிக்கொண்டே பண்ணலாம். ஆண்டவருக்குக் கேட்கும்.

வற்றாத தாமிரபரணி ஓடுகிற ஊரில் இருக்கிறோம். ஆனாலும் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைத்துக்கொள்ளுகிறோம். அந்த நல்ல தண்ணீரில்தான் இந்தக் கொசு முட்டையிடுகிறது, பகலில் கடிக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் முட்டை பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்காய்ச் சாகாமல் இருக்கும். சனிக்கிழமைதோறும் டிரம்மைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, துணியால் வாயைக் கட்டுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு ஆயத்தமாவதில் இதுவும் சேரட்டும்.

ஜெபம்: யவீருவின் வீட்டுக்கு நடந்துபோன ஆண்டவரே, இன்று ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலருகே விழித்திருக்கிற ஒவ்வொரு தாய் தகப்பனோடும் கூட இரும். எங்கள் பெருமையினால் நாங்கள் தாமதிக்காதபடி காத்துக்கொள்ளும். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளை உம்முடைய கரத்தால் தேற்றும். வைத்தியர்களுக்கும் நர்ஸ்மார்களுக்கும் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.