உருகியிருந்தால் போதாது

பினாங்கின் சிம்பாங் அம்பாட்டில் புதுத் தாமான் வீடுகளுக்கு வாஸ்து பார்க்க வருகிறவர் கூடத்துத் தரையில் திசைகாட்டியை வைப்பார். முள் கொஞ்சம் ஆடிவிட்டுத் தட்டையாக அடங்கும். வடக்கு தெரிந்ததும் பேச்சு சமையலறைக்குப் போய்விடும். எனக்கோ அந்தத் தட்டைதான் ஆச்சரியம். லண்டனில் காந்த முள்ளின் வடமுனை தரையைக் குத்தப் பார்க்கும். மறுமுனையில் எடை சேர்த்துத்தான் அதைச் சமன்செய்கிறார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. முள் தட்டையாக நிற்கும் காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்து வழியாகப் போகிறது. மேற்கே அதே கோடு திருநெல்வேலிப் பக்கம் கடக்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஆய்வுக்கூடம் வைத்திருப்பது அதனால்தான்.

பினாங்கில் பூமியின் காந்தப்புலத்தின் வலு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் இதைவிட நூறு மடங்கு வலியது. ஆனாலும் வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்றை, பகல் பக்கத்தில் சுமார் 60,000 கிலோமீட்டருக்கு அப்பாலேயே இது ஒதுக்கிவிடுகிறது.

செவ்வாய்க்கு அப்படியொரு புலம் இன்று இல்லை. முக்கியமாகத் தென்பாதிப் பாறைகளில் பழைய காந்தம் ஒட்டிக்கிடக்கிறது. 2014 செப்டம்பர் 24 அன்று, சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்த இந்தியாவின் மங்கள்யான் கலம் அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னே சேர்ந்த நாசாவின் மேவன், சூரியக் காற்றால் செவ்வாயின் வளிமண்டலம் வினாடிக்குச் சுமார் 100 கிராம் பறிபோவதாக அளந்தது. கேட்க அற்பம்தான். இளஞ்சூரியன் சீறிய காலத்தில் இழப்பு இதைவிடப் பெரிது.

(காந்தம் ஒன்றுதான் காவல் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது; காற்றழுத்தமோ நம்முடையதைப்போல் 90 மடங்கு.)

செவ்வாய் சின்னக் கிரகம், உள்ளே ஆறி இறுகிவிட்டது, காந்தமும் செத்தது என்றுதான் பலரும் சொல்லி வந்தோம். அங்கே இறங்கி நிலநடுக்கங்களைச் செவிமடுத்த நாசாவின் இன்சைட் கலம் 2021இல் வேறு செய்தி தந்தது: கருவில் இரும்பு இன்னமும் உருகித்தான் இருக்கிறது. ஆனால் புரளவில்லை.

பூமியின் கருவில் இரும்பு புரள்கிறது. காரணம், அது தன் சூட்டை மேலிருக்கும் பாறைக்கு ஓயாமல் விட்டுக்கொண்டிருக்கிறது. உள்கரு உறைய உறைய, லேசான பொருள்கள் பிரிந்து மேலெழுந்து கலக்கத்தைத் தொடர வைக்கின்றன. அந்தக் கலக்கத்தில்தான் புலம் பிறக்கிறது. சேமிப்புதான் காவல் என்று நம்பிப் பழகிய ஆட்கள் நாம். இங்கே கணக்கு தலைகீழ். சூட்டை வெளியே விடாமல் பொத்திவைத்திருந்தால் நம் இரும்பும் உருகியபடியே சும்மா கிடந்திருக்கும், செவ்வாயில் கிடப்பதுபோல்.