குழலும் குறியும்

துப்பாக்கியின் குழலை மாற்றினால் வேறு அளவுத் தோட்டா பாயும். பிரிட்டிஷ் இந்தியாவின் இசாப்பூர் ஆலையில் .303 துப்பாக்கிகளை .410 அளவினவாக மாற்றிச் சிறைக் காவலர்க்கும் பொலிசாருக்கும் அளித்தனர். கொடுமை குறைந்தது என்பர் சிலர். ஓருயிர் தப்பினாலும் நன்றே, நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது எவரை நோக்கி நீட்டப்படுகிறது?

ஹேவாஹெட்டைக்கு அயலே முல்லோயாத் தோட்டத்தில், ஊதிய உயர்வு கேட்டுத் தொழிலாளர் போராடிய வேளை, 1940 ஜனவரி 10 அன்று கோவிந்தன் பொலிஸ் குண்டுக்குப் பலியானார். அது அந்நியராட்சி. 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்றோரிடையே சிவனு இலட்சுமணன் வீழ்ந்தார். அது சுயராட்சி. குழல் மாறியது, குறி மாறவில்லை.

விசையை இழுக்கும் அதிகாரம் உழைப்போர்க்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதா என்பதே அறத்தின் கேள்வி. அதற்கு விடை தராத ஆட்சி, குழலை எத்தனை முறை மாற்றினும், அதே துப்பாக்கியைத்தான் ஏந்தி நிற்கிறது.